இரும்புப் படி

காலால எத்திப் பாக்காதீக சார், டயரு நல்லாத்தான் இருக்கு. முப்பத்துமூணு இஞ்சு. வேணும்னா கை வச்சு அமுக்கிப் பாருங்க. அமுங்குதா? அமுங்காது. கல்லு மேல ஏறுறதுக்குன்னே உள்ள டயரு. கோயமுத்தூர்ல இருந்து இம்புட்டுத் தூரம் வந்திருக்கீக, நிதானமாவே பாருங்க. நான் ஒண்ணையும் மறைக்க மாட்டேன். வண்டியில நல்லது என்ன, கெட்டது என்னன்னு ரெண்டையும் சொல்லிருவேன். கெட்டதுன்னு ஒண்ணுமே இல்ல, அதான் எனக்கு வயித்தெரிச்சல்.

பவளம், சாருக்கு ஒரு டீ கொண்டா. என் வீட்டுக்காரிதான் சார். உள்ள இருந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருப்பா. நான் ஏதாச்சும் மாத்திச் சொன்னா அங்கனக்குள்ள இருந்தே இருமுவா. நீங்க கண்டுக்காதீக.

ஏன் விக்கிறீகன்னு போன்ல கேட்டீகள்ல? அதப் போன்ல சொல்ல முடியாது சார். வண்டியப் பாத்துக்கிட்டே கேட்டாத்தான் வெளங்கும். இந்தா நிக்கிது பாருங்க, இது எங்க அய்யா ஓட்டுன ஜீப்பு. மலையில இருந்து எலுமிச்சங்காயும் இலவம்பஞ்சும் எறக்குவாரு. வருசத்துல ஒருநா மட்டும் இதுல சரக்கு ஏறாது, சாமி ஏறும். மாசி சிவராத்திரிக்கு எங்க குலசாமி ஊத்துப்பாறைக் கருப்புக்குப் பெட்டி போகும். உங்க பக்கம் இந்தப் பழக்கம் உண்டா என்னன்னு தெரியல. எங்க பக்கம் சாமியோட துணிமணி, வெங்கல மணி, சின்ன அருவா, திருநீத்துப் பை எல்லாம் ஒரு மரப்பெட்டிக்குள்ள இருக்கும். அதுக்குன்னு ஊருக்குள்ள ஒரு வீடு இருக்கு, பெட்டி வீடும்போம். அங்க இருந்து பெட்டி கெளம்பி ஒம்பது மைலு காட்டுப் பாதையில மேல ஏறணும். நாப்பத்தோரு வருசமா இந்த வண்டியிலதான் ஏறுச்சு. அய்யா இருந்த மட்டும் அவரு ஓட்டுனாரு. அவருக்குப் பெறகு நானு.

சும்மா தூக்கி வச்சுக் கொண்டுபோயிற முடியாது சார், மொறை இருக்கு. பெட்டிய பூசாரி எடுத்துக் குடுப்பாரு. எங்க வீட்ல பொறந்த பொண்ணு ஒண்ணு வண்டியில உக்காந்து மடியில வாங்கணும். வாங்கிட்டா ஊத்துப்பாறை போய்ச் சேர்ற வரைக்கும் பெட்டி தரையில எறங்கக் கூடாது, கை மாறக் கூடாது. வச்சிருக்க பொண்ணு வாயத் தெறக்கக் கூடாது. விரதம் இருக்கிறதால மத்தவுக யாரும் அந்தப் பொண்ணத் தொடவும் கூடாது. இன்னொரு மொறையும் இருக்கு, என் தலையில மண்ணள்ளிப் போட்டது அதுதான், அது அப்பறம் வரும்.

எங்க அத்தைக்குப் பெறகு இருவத்தாறு வருசமா எங்க அக்காதான் பெட்டி வாங்குச்சு. சிலம்பாயின்னு பேரு. என்னைய விடப் பத்து வயசு மூப்பு. கட்டிக் குடுத்த நாலாம் வருசமே மாமா தவறிட்டாரு. பிள்ளையும் இல்ல. அடுத்த தெருவுல தனியாத்தான் இருக்கு. வருசம் பூராம் பருத்திக் காட்டுக்குப் போகும், வரும். இருக்கியான்னு ஒரு பய கேக்க மாட்டான். அந்த ஒருநா மட்டும் ஊரே அது முன்னால நின்னு கையெடுத்துக் கும்பிடும். அன்னைக்கு அது மொகத்தப் பாக்கணும் சார். கண்ணாடியில பாத்துக்கிட்டே ஓட்டுவேன். எனக்கு அதுல ஒரு பெருமை.

போன வருசத்துக்கு முந்தின வருசம் என்னாச்சுன்னா, மழையில பாதை பூராம் அடிச்சுக்கிட்டுப் போயிருச்சு. நரியோடைன்னு ஒரு எடம். ஓடைக்குள்ள ஆளு ஒசரத்துக்குக் கல்லு உருண்டு கெடக்கு. நம்ம வண்டி பழைய வண்டி, அடி தட்டுது, சக்கரம் அந்தரத்துல சுத்துது. இருவது பேரு தள்ளி, கல்லு கொடுத்து, கம்பு கொடுத்து, ஒருவழியா மேல போறதுக்குள்ள உச்சிப் பூசை தவறிப் போச்சு. ஊரே என்னையப் பாக்குது. எங்க பங்காளி தவசின்னு ஒருத்தன் இருக்கான். புதுசா ட்ராக்டர் எடுத்திருந்தான். அம்புட்டுப் பேரு இருக்கையில சொல்றான், “வீரணண்ணே, உங்க வண்டிக்கு வயசாயிருச்சு. அடுத்த வருசம் பெட்டி நம்ம ட்ராக்டர்ல போகட்டும்ணே, அக்காவுக்கும் சிரமம் இருக்காது”ன்னு. எம்புட்டுப் பணிவாச் சொல்றான் பாருங்க. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், அடுத்த சிவராத்திரிக்குப் பெட்டி இந்த வண்டியிலதான் ஏறணும், அதுவும் எங்கயும் நிக்காம ஏறணும்.

பட்டறைக்குக் கொண்டு போனேன். சாதிக் பாய்னு, பழைய ஜீப்புன்னா இந்தப் பக்கம் அவருதான். சுத்திச் சுத்தி வந்து பாத்தாரு. “வீரணா, ரெண்டு இஞ்சு தூக்குனாப் போதும். அடியில தகடு அடிச்சிருவோம், டயரு மாத்துவோம். ஏறிரும்”னாரு. ரெண்டு இஞ்சாம்! நீங்களே சொல்லுங்க. உங்க கூட்டாளிகள்லாம் படம் எடுத்துப் போடுறீகளே, போன்ல அம்புட்டையும் பாத்துட்டேன் நான். பாறை மேல பல்லி மாதிரி ஏறுது வண்டி. “ஆறு இஞ்சு தூக்குங்க பாய்”னேன். “தூக்குனா அதோட முடியாதுப்பா, ஒண்ணொண்ணா வரும்”னாரு. வரட்டும்னேன்.

வந்துச்சு சார். ஸ்பிரிங் பட்டைக்கு அடியில கட்டை கொடுத்துத் தூக்குனோமா, பின் சக்கரத்தச் சுத்துற ஷாப்ட்டு சரிவு அதிகமாகி கடகடன்னு உதற ஆரம்பிச்சிருச்சு. அதச் சரி பண்ணுனா பெரிய டயரு மட்கார்டுல உரசுது. மட்கார்ட அறுத்தோம். பெரிய டயருக்கு இழுவை பத்தல, பல்சக்கரத்த மாத்துனோம். அத மாத்துனா பிரேக்கு பிடிச்சா வண்டி எடப்பக்கமா இழுக்குது. பிரேக்க மாத்துனா ஸ்டியரிங்கு கல்லு மாதிரி ஆகிப் போச்சு. ஏழு மாசம் சார். ஒண்ணச் சரி பண்ணுனா இன்னொண்ணு கையத் தூக்கிக்கிட்டு நிக்கும். தண்ணிக்குள்ள போனா இஞ்சின் குடிச்சிறக் கூடாதுன்னு இந்தா, இந்த மூக்குக் குழாய மேல ஏத்துனேன். முன்னால பாருங்க விஞ்சு. எங்க மாட்டுனாலும் கயித்தக் கட்டி பட்டன அமுக்குனா தன்னைத்தானே இழுத்துக்கும். மேல கம்பிக் கூண்டு. வண்டி கவுந்தாக்கூட உள்ள இருக்கவுகளுக்கு ஒண்ணும் ஆகாது. எல்லாத்தையும் யோசிச்சேன் சார். எதையும் விடல.

இருமுறா பாருங்க. சளி அவளுக்கு.

சரி, படி விசயத்தையும் சொல்லிர்றேன். இல்லாட்டி அவ இருமியே செத்துருவா.

அக்கா பட்டறைக்கு வரும் சார். வாரத்துக்கு ஒருநா, காட்டு வேலை இல்லாத அன்னைக்கு, தூக்குவாளியில சோறு எடுத்துக்கிட்டு பஸ்ஸேறி வரும். எனக்கும் பாய்க்கும் சேத்துத்தான் கொண்டாரும். வந்து ஓரமா உக்காந்து வேலையப் பாத்துக்கிட்டு இருக்கும். ஒருநா சொல்லுச்சு, “வீரணா, பின்னால ஏறுறதுக்கு ஒரு படி வச்சுக் குடுறா. முட்டி மடங்க மாட்டேங்குது”ன்னு. ஆகட்டும்க்கா, கடைசியில பாத்துக்கலாம்னேன். அடுத்த வாரம் வந்துச்சு, படி. அதுக்கடுத்த வாரமும் படி. ஒரே பாட்டு. இங்க ஷாப்ட்டு உதறுது, மனுசன் சோறு தண்ணி எறங்காம நிக்கிறான், அதுக்குப் படி. எம்புட்டு வேலை கெடக்குக்கா, கொஞ்சம் பேசாம இருக்கியான்னு ஒரு தடவை சத்தம் போட்டுட்டேன். பேசாம இருந்துக்கிருச்சு.

ஆனா என்ன பண்ணுச்சு தெரியுமா? நான் டயரு எடுக்க மதுரைக்குப் போயிருந்தப்ப பாய்கிட்ட நேராச் சொல்லியிருக்கு. அவரும் எறக்கப்பட்டு, கழட்டிப் போட்ட பழைய பட்டையில ஒரு படி அடிச்சு, பின்னால தொங்குற மாதிரி வெல்டு வச்சுட்டாரு. நான் வந்து பாக்குறேன், ஒரு அடிக்குக் கீழ தொங்குது. சார், நீங்க பாறை ஏறுன ஆளு, நீங்க சொல்லுங்க. பின்னால ஒரு அடி இரும்பு தொங்குனா, மேடு ஏறுறப்ப அது கல்லுல இடிக்குமா இடிக்காதா? ஆறு இஞ்சு தூக்கி வச்சுட்டு, அதுல ஒரு அடியக் கீழ தொங்க விட்டா, தூக்குனது எதுக்கு? அறுங்க பாய்னேன். “சிலம்பாயிக்கா கேட்டது, நான் அறுக்க மாட்டேன்”னு போயி டீக்கடையில உக்காந்துக்கிட்டாரு. நானே அறுத்தேன்.

அன்னைக்கும் அக்கா சோத்தோட வந்துச்சு. படி கீழ கெடக்குறதப் பாத்துச்சு. சோத்தப் போட்டுக் குடுத்துச்சு, தூக்குவாளியக் கழுவுச்சு. பெறகு அந்தப் படிய ஒரு சாக்குல சுத்தி எடுத்துக்கிருச்சு. எதுக்குக்கான்னேன். “கெடக்கட்டும்”னுச்சு. அம்புட்டு இரும்ப மடியில வச்சுக்கிட்டு பஸ்ஸுல ஊருக்குப் போச்சு.

இன்னொண்ணும் கேட்டுச்சு, ஏதோ. வெல்டிங் சத்தத்துல எனக்குச் சரியா விழுகல. “மொக்கையன் மாமாவுக்கு எட்டுமாடா”ன்னு கேட்ட மாதிரி இருந்துச்சு. அப்ப அது எனக்கு எங்க மண்டையில ஏறுது.

மொக்கையன் மாமாதான் எங்க பூசாரி. ஆளு நாலே முக்கால் அடி. போன சிவராத்திரிக்கு ஆறு நா இருக்கையில, கழுவித் தொடைச்சு, மாலை போட்டு, வண்டியக் கொண்டாந்து பெட்டி வீட்டு முன்னால நிப்பாட்டுனேன். ஊரே கூடிருச்சு. எளவட்டப் பயலுக பூராம் ஏறி நின்னு போட்டோ எடுக்குறான். தவசி மொகத்தப் பாத்தேன், சுண்டிப் போச்சு. எனக்கு வயிறு நெறைஞ்சு போச்சு சார். அப்பத்தான் மொக்கையன் மாமா வந்தாரு. வண்டிகிட்ட வந்து நின்னாரு. அண்ணாந்து பாத்தாரு. கையத் தலைக்கு மேல வச்சு அளந்தாரு. “ஏப்பா வீரணா, பெட்டி பூசாரி தலைக்கு மேல போகக் கூடாதுல்ல?”ன்னாரு.

அதான் சார் அந்த இன்னொரு மொறை. பூசாரி கையில பெட்டி இருக்கையில, மேல ஊத்துப்பாறையில சாமி பீடத்துல வைக்கிறப்பத்தான் அது அவரு தலைய விட ஒசரணும். கீழ பொண்ணு மடியில குடுக்குறப்ப அவரு தலைக்குக் கீழதான். பழைய வண்டியில அக்கா உக்காந்து மடியில வாங்குனா சரியா அவரு நெத்தி மட்டத்துக்கு வரும். இப்ப அக்கா பலகையில உக்காந்தா அது மடியே அவரு தலைக்கு மேல நிக்கிது. நாலு விரக்கடை கூடுது, கீழ தகட்டுல உக்காரலாம்னா முட்டி மடங்காது. அளந்தே பாத்துட்டோம். முக்காலி போட்டு மாமாவ ஏத்தி விடலாமேன்னு கேக்குறீகளா? நானும் அதத்தான் கேட்டேன். பூசாரி கால் மண்ணுல இருக்கணுமாம். ஒசரமான பூசாரி வேணும்னா நான் எங்க போக? ஏழு மாசம் சார். ஏழு மாசமா இந்த ஊர்ல ஒருத்தன் சொல்லல.

சரிடி, சரி. இருமாத. அக்கா கேட்டுச்சு. அதான் சொன்னேனே, சத்தத்துல விழுகலன்னு.

தவசி உடனே, “ட்ராக்டர் ட்ரெய்லர் தாழ்வாத்தாண்ணே இருக்கு”ன்னான். கேட்டானா யாராச்சும்? அந்த வீம்புலதான் எனக்கு அந்த யோசனை வந்துச்சு. வண்டிய எறக்க முடியாது, ஆறு நாள்ல ஏழு மாச வேலையப் பிரிக்க முடியாது. தெருவ எறக்குனா என்ன? பெட்டி வீட்டு வாசல்ல வண்டி நிக்கிற எடத்துல ரெண்டடிப் பள்ளம் வெட்டுவோம். முன்னாலயும் பின்னாலயும் சரிவு விடுவோம். வண்டிய உள்ள எறக்குனா தகடு பெட்டி வீட்டு வாசப்படி மட்டத்துக்கு வந்துரும். அக்காவும் சுளுவா ஏறிரும், பெட்டியும் மாமா தலைக்குக் கீழயே இருக்கும். ஏறுறப்ப என்ன, ரெண்டடிப் பள்ளந்தான? மலை ஏறுற வண்டி சார் இது!

பெரியவுக பேசிப் பாத்துட்டுச் சரின்னாக. மாமா ஒசரத்த இஞ்சு டேப்புல அளந்து வெட்டுனோம். நானே நின்னு வெட்டுனேன்.

சிவராத்திரி அன்னைக்குக் காலையில எட்டு மணிக்குக் கொட்டு மொழங்குது. வண்டிய அலுங்காம பள்ளத்துல எறக்குனேன். அக்கா மஞ்சத்துணி கட்டி, தலைக்கு ஊத்தி, ஈரத்தலையோட வந்துச்சு. வாசல்ல இருந்து நேரா ஒரு எட்டு, வண்டிக்குள்ள போயிருச்சு. அன்னைக்கு அதுக்குப் படியே தேவப்படல சார். அதையாச்சும் யாராச்சும் ஒருத்தரு சொல்லணும்ல? பூசை ஒரு மணி நேரம் ஓடுச்சு. மாமா பெட்டியக் கொண்டாந்து மடியில வச்சாரு. அவரு தலைக்கு நல்லாக் கீழ. கொலவை போட்டாக. எனக்குக் கண்ணுல தண்ணி வந்திருச்சு. அய்யா இருந்து பாக்கணும்னு நெனைச்சேன். சாவியத் திருகுனேன். நாலு சக்கரத்துக்கும் போட்டேன். மிதிச்சேன்.

வண்டி அசையல.

தெருக் குழாயி அந்த வழியாத்தான் போகுதுன்னு எனக்கு எப்பிடி சார் தெரியும்? வெட்டுறப்ப கடப்பாறை எங்கயோ பட்டு லேசா விரிசல் விட்டிருக்கு. காலையில தண்ணி தெறந்து விட்டிருக்கான். பூசை நடந்த ஒரு மணி நேரமும் அடியில கசிஞ்சு, செம்மண்ணு பூராம் களியாக் கொழைஞ்சிருச்சு. மேல நின்ன எனக்குக் கண்ணுக்குத் தெரியல. மிதிக்க மிதிக்க நாலு டயரும் அந்த எடத்துலயே சுத்துது. இம்புட்டுப் பெரிய டயரு. அம்புட்டுச் சேத்தையும் அள்ளி வீசுது. மாமா வேட்டி, கொட்டுக்காரவுக மொகம், கொலவை போட்ட பொம்பளைக சேலை எல்லாம் சேறு. பின்னால திரும்பிப் பாக்குறேன், அக்கா முந்தானைய அவுத்துப் பெட்டி மேல போத்திக்கிட்டு, அது மேல கவுந்து படுத்திருக்கு. முதுகெல்லாம் சேறு. பெட்டி மேல ஒரு பொட்டுக்கூடப் படல.

விஞ்சு இருக்குல்லன்னு ஒரு பய கத்துனான். இருக்கு! கயித்த எதுல கட்ட? முன்னால இருக்கிறது ஒரே ஒரு வேப்பமரம், அதுல கருப்பு சூலம் நட்டிருக்கு. சாமி மரத்துல கயித்தக் கட்டி இழுக்க முடியுமா? அந்தப் பக்கம் பெட்டி வீட்டுத் தூணு. அதுல கட்டுனா வீடே வந்துரும். தெருக் கடைசியில தவசி ட்ராக்டர் நிக்கிது. அவன் ஓடியாந்து, “அண்ணே, கயித்த என் வண்டியில மாட்டுண்ணே, ஒரு நிமிசம்”கிறான். நான் எப்பிடி சார் மாட்ட முடியும்? மாட்டுனா பெட்டிய இழுத்தது தவசி ட்ராக்டருன்னு ஆயிரும்ல? நாப்பத்தோரு வருசப் பேரு என்னாகுறது? வேணாம்னுட்டேன். கல்லுப் போட்டேன், சாக்குப் போட்டேன், ஓலை வெட்டிப் போட்டேன். மிதிச்சேன், மிதிச்சேன், ஒரு மணி நேரம் மிதிச்சேன். வெயிலு ஏறிருச்சு. அக்கா அந்தக் கம்பிக் கூண்டுக்குள்ள மடியில பெட்டியோட உக்காந்திருக்கு. பேசக் கூடாதுல்ல, பேசல. கண்ணாடியில ஒரு தடவை என்னையப் பாத்துச்சு. நான் வேற பக்கம் திரும்பிக்கிட்டேன், வேலை கெடந்துச்சு.

பெறகு அது எந்திரிச்சுச்சு. பெட்டிய நெஞ்சோட அணைச்சுக்கிட்டு ஒரு எட்டு வச்சுத் தெருவுல எறங்குச்சு. நடக்க ஆரம்பிச்சிருச்சு. ஒம்பது மைலு மலை சார்! மடங்காத முட்டிய வச்சுக்கிட்டு! அக்கா, அக்கா, இந்தா எடுத்துர்றேன்னு கத்துறேன். திரும்பல. மொக்கையன் மாமா பின்னாலயே ஓடுனாரு. கொட்டுக்காரவுக போனாக. ஊரே போயிருச்சு. தவசி ட்ராக்டரக் கொண்டாரவான்னு குறுக்க போயி நின்னு கேட்டான், அக்கா தலைய ஆட்டிருச்சு. உடனே அவன் என்ன பண்ணுனான்? கடையில ஒரு கொடைய வாங்கி, அக்காவத் தொட்டிராம ஒரு கை தள்ளி நின்னு, மேல வரைக்கும் பிடிச்சுக்கிட்டே போனானாம். நடிப்பு சார். அம்புட்டும் நடிப்பு.

நானா? நான் எப்பிடிப் போக முடியும்? வண்டிய நடுத்தெருவுல பள்ளத்துல போட்டுட்டுப் போற ஆளா நானு? அய்யா வண்டி சார்.

எல்லாரும் போனப்பறம் விஞ்சுக் கயித்த எடுத்து தவசி ட்ராக்டர்ல மாட்டுனேன். ஆளு இல்லாதப்ப மாட்டுறது வேற, அதுல ஒரு கணக்கும் இல்ல. பட்டன அமுக்குனேன். ரெண்டே நிமிசம், வெளிய வந்து நிக்கிது. அப்புன களியச் சொரண்டிக் கழுவி முடிக்கவே நாலு மணி ஆயிருச்சு. மேல ஏத்துனேன். சார், என்ன சொல்றது! நரியோடையில அந்தக் கல்லு மேல ஏறுச்சு பாருங்க, பூனை சுவர் ஏறுற மாதிரி. எங்கயும் தட்டல, எங்கயும் வழுக்கல. குதிரைவெட்டி மொடக்குங்கிற செங்குத்து வளைவுல ஒரே மிதி. ஒம்பது மைலையும் முக்கா மணி நேரத்துல முடிச்சேன். பாக்குறதுக்குத்தான் ஒரு ஆளு இல்ல. பக்கத்துல ஒருத்தன் உக்காந்திருந்தாச் சொல்லியிருப்பான்.

மேல போறேன், பூசை முடிஞ்சு பந்தி போட்டிருக்கு. ஒருத்தன் வாங்கன்னு கூப்பிடல. அக்கா பாறை நெழல்ல காலு நீட்டி உக்காந்திருக்கு. முட்டி பூசணிக்காய் மாதிரி வீங்கிக் கெடக்கு. பெட்டி பீடத்துல ஏறிருச்சுன்னா விரதம் முடிஞ்சுச்சு, யாரும் தொடலாம், பேசலாம். வண்டியப் பின்னால கொண்டாந்து அதுகிட்ட நிப்பாட்டி, கதவத் தெறந்து, வாக்கா, ஏறுக்கான்னேன்.

அது வண்டியப் பாத்துச்சு. எந்திரிச்சு நின்னாலும் தகடு அதோட இடுப்புக்கு மேல இருக்கும். கீழ அறுத்த எடத்துல ரெண்டு இரும்பு மொளை நீட்டிக்கிட்டு இருக்கு பாருங்க, அதப் பாத்துச்சு. பெறகு என்னையப் பாத்துச்சு. நான் தூக்கி விடுறேன்க்கான்னு கையப் பிடிச்சேன். கைய எடுத்துக்கிருச்சு. நாலு பேரு போர்வையில தூளி கட்டித்தான் அதக் கீழ எறக்குனாக. அதுல ஒரு கம்பு தவசி தோள்ல. பக்கத்துல இம்புட்டு வசதி பண்ணுன வண்டி சும்மா நிக்கிது. தூளிக்குப் பின்னாலயே ஒம்பது மைலும் மொதல் கியர்ல உருட்டிக்கிட்டு வந்தேன். எவனாச்சும் திரும்பிப் பாத்து, அண்ணே நீங்க முன்னால போங்கன்னு சொல்லுவான்னு பாத்தேன். ஒருத்தன் சொல்லல.

இந்தா அடுத்த மாசம் சிவராத்திரி. போன வாரம் கூட்டம் போட்டாக. பெட்டி எதுல போகுதுன்னு அக்காகிட்ட ஆளு விட்டுக் கேட்டிருக்காக. “எதுலயும் வேணாம், நடந்தே போறேன்”னு சொல்லி விட்டிருச்சாம். ஊருக்காரவுகளுக்குச் சொல்லத் தெரியுது, எனக்குச் சொல்லத் தெரியல. அன்னைக்கு மூடுன வாயி சார், பதினோரு மாசமா எங்கிட்ட ஒரு வார்த்தை இல்ல. யாருக்காக இதப் பண்ணுனேன்? அது ஒருத்தி அன்னைக்கு ஒருநா சிரமப்படாம, ஊரு கண்ணு முன்னால கெத்தா ஏறிப் போகணும்னுதான? பெட்டியே ஏறாதுன்னா இந்த வண்டி எனக்கு எதுக்கு? கொண்டுபோங்க. உங்க ஆளுகளாச்சும் மதிப்பாக.

உள்ள ஏறிப் பாக்கணுமா? தாராளமா. அந்தக் கம்பியப் பிடிச்சுக்கங்க. எடது கால டயர்ல வைங்க. ம்... எக்குங்க. எக்குங்க சார். பாத்து, பாத்து. சட்டையில கறை பட்டிருச்சா? தொடைச்சா போயிரும். மொதத் தடவை எல்லாருக்கும் அப்பிடித்தான்.

என்ன சொல்றீக? உங்க அம்மாவா? அம்மாவும் கூட வருமா மலைக்கு? என்ன வயசு? எழுவதா?

படி இருந்தா நல்லதுங்கிறீக.

இருக்கு சார். அதே படிதான், இதுக்குன்னு அடிச்சது. பாய்கிட்டக் கொண்டு போனா அரை மணி நேரத்துல ஒட்டிருவாரு. அக்கா வீட்ல கெடக்கு. அடுத்த தெரு, பச்சைக் கதவு. வாசல்ல தண்ணிக் கொடத்துக்கு அடியில போட்டு வச்சிருக்குன்னு பவளம் சொன்னா. நீங்களே போயிக் கேளுங்க. நான் போனாப் பேசாது.

இருமுறா பாருங்க. போயிப் பாத்தாத்தானே பேசும்கிறா அவ. பதினோரு மாசமா இந்தத் தெருவத் தாண்டி அந்தத் தெருவுக்கு ஒரு தடவை கூடப் போகலயாம் நானு, கணக்குச் சொல்றா. தம்பின்னு ஒருத்தன் இருக்கான்னு அதுவும் எட்டிப் பாக்கலாம்ல? முட்டி சரியாயிருச்சா என்னன்னுகூட எனக்கு யாரு சொல்றா?

போயிட்டு வாங்க சார். டீய அங்கயே குடிக்கலாம், அக்காவும் போடும், நல்லாப் போடும். சும்மா வண்டியப் பாக்க வந்தேன், படி இருந்தா நல்லதுன்னு தோணுச்சுன்னு மட்டும் சொல்லுங்க. விக்கிறான்னு சொல்லிறாதீக. நான் அனுப்புனேன்னும் சொல்ல வேணாம்.

அது ஏதாச்சும் சொன்னா, என்ன சொல்லுச்சுன்னு மட்டும் மறக்காம வந்து சொல்லிட்டுப் போங்க.